கடைமடைக்குத் தண்ணி போச்சா?

கேள்வி: சுயநலம் பாவமா, ஐயா? (வாசகர், பாபநாசம்)

சபை அசனத்தில் பசித்துச் சாப்பிடுவது சுயநலம் இல்லை. பந்திக் கோடியில் இருப்பவர் இலைக்குக் குழம்பே வரவில்லை என்று தெரிந்தும், வாளிக்காரரை மறித்து மறுபடி வாங்கினீர்கள் பாருங்கள், அது. பாவமா இல்லையா என்பதை உங்கள் ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கோடியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

கேள்வி: என் வயல் தலைமடையில் இருக்கிறது. முதலில் பாய்ச்சுவது என் உரிமை. இதிலும் விட்டுக்கொடு என்கிறாரே எங்கள் போதகர்? (விவசாயி, திருக்காட்டுப்பள்ளி)

போதகருக்கு வயல் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? போகட்டும். தாராளமாக முதலில் பாய்ச்சுங்கள். ஆறு உங்கள் பக்கமாகத்தான் வருகிறது, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காமல் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால்தான் வம்பு. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் (திறக்கிற வருஷத்தைச் சொல்கிறேன்) தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கவேண்டும். பேராவூரணிப் பக்கத்திலும் வேதாரண்யம் பக்கத்திலும் கடைமடைக்காரர் நாற்றங்காலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் உங்கள் பங்கைக் கேட்கவில்லை. உங்களுக்கு மிஞ்சியதை வழிமறிக்காதீர்கள் என்கிறார். தியாகம் என்றதும் நமக்குச் சிலுவை, சிங்கக் கெபி, இரத்தசாட்சி என்று பெரிதாகவே தோன்றுகிறது. உங்கள் பங்குக்கு வந்திருப்பது டார்ச்சும் இரண்டு வெட்டு மண்ணும்தான்.

கேள்வி: ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுக்கிறேன். 'உபயம்' என்று பெயர் எழுதலாமா? (வாசகர், கும்பகோணம்)

எழுதுங்கள். இறக்கையில் எழுதுங்கள். சுற்றும்போது யாருக்கும் தெரியாது, கரண்டு போனால் எல்லோரும் படிப்பார்கள்.

கேள்வி: தன்னலமில்லாத கிறிஸ்தவர் என்று வேதத்துக்கு வெளியே, நம் ஊரில் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பஸ் செலவுகூட இல்லாமல் காட்டுகிறேன். பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில் ஒரு பழைய ஆலயம் இருக்கிறது, 1779-ல் எழுந்தது. உள்ளே லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய வெள்ளைச் சலவைக்கல். படுக்கையில் ஒரு கிழவர் கிடக்கிறார், மராட்டிய மன்னர் சரபோஜி அவர் கையைப் பிடித்தபடி நிற்கிறார். கிழவர் பெயர் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கி, திருச்சியில் இருந்து, பிறகு தஞ்சைக்கே வந்து, 1798-ல் இங்கேயே மண்ணானவர். கல்யாணம் இல்லை. துளஜா மன்னர் சாகும் தறுவாயில் தன் தத்துப்பிள்ளை சரபோஜியை நம்பி ஒப்படைத்தது இவரிடம்.

நல்லவர், வல்லவர் என்று எல்லாக் கல்லறையிலும் எழுதுகிறார்கள். நான் சொல்ல வருவது மாட்டுக் கணக்கு. 1780-ல் மைசூர் ஹைதர் அலியின் படை கீழே இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஜனம் தஞ்சைக் கோட்டைக்குள் வந்து குவிந்தது, தெருவில் பட்டினிப் பிணம். வெளியே நெல் இருந்தது. ஏற்றி வர மாடு இல்லை. இருந்த மாட்டுக்காரர்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஏன்? முன்னால் ஏற்றி வந்ததற்கு அரண்மனை கூலி கொடுக்கவில்லை. இந்தத் தடவை நிச்சயம் உண்டு என்று மன்னர் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் மன்னரே, நம் பேச்சு செல்லாமல் போய்விட்டது, பாதிரியார் பேச்சாவது செல்கிறதா பார்ப்போம் என்றார். சுவார்ட்ஸ் தன் பெயரில் ஓலை அனுப்பினார், கூலிக்கு நான் பொறுப்பு என்று. ஓரிரு நாளில் 1,000 மாடு வந்தது. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் ஏறியது. சொன்னபடி கூலியைத் தன் கையால் எண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

கஜானாவுக்கு இல்லாத நாணயம் ஒரு பாதிரிக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஆள் தனக்கென்று எதையும் சுருட்டமாட்டான் என்று வண்டிப்பாதை முழுக்கத் தெரிந்திருந்தது. இன்னொன்று. குண்டு பறக்கும் பாதையில் வெறும் ஓலையை நம்பி மாட்டை ஓட்டிவந்தவர்களுக்கு எந்த ஊரிலும் சலவைக்கல் இல்லை.

கேள்வி: சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தூது போனவர்தானே? அதென்ன தன்னலமின்மை? (அதே மாணவர், மறுதபால்)

விடமாட்டீர்கள் போல. போனார், 1779-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதரிடம். சமாதானம் பேசத்தான் போனார். மறுவருஷமே போர் வந்தது. அவரை அனுப்பியவர்களின் உள்நோக்கத்துக்கு நான் ஜாமீன் நிற்கமாட்டேன். ஆனால் ஹைதர் வழிச்செலவுக்கு என்று வற்புறுத்திக் கொடுத்த 300 ரூபாயை அவர் கொண்டுபோய்ச் சென்னை அதிகாரிகளிடம் வைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு முதலாக்கிவிட்டார். போன வாரம் ஆபீஸ் வேலையாக நீங்களோ நானோ வெளியூர் போய்வந்து எழுதிய ஆட்டோ பில்லை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்வோம்.

கேள்வி: 'விட்டுக்கொடு' என்ற பிரசங்கம் எனக்கு மட்டும்தான் நடக்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறேன். இதுதான் கிறிஸ்தவ வாழ்க்கையா? (வாசகி, மன்னார்குடி)

இல்லை, அம்மா. நாமாகக் கொடுத்தால் தியாகம். அடுத்தவர் நம் மடையை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டினால், அதன் பெயர் வேறு, இந்தப் பத்திரிகையில் அச்சிடமாட்டார்கள். இயேசு கூட்டத்தை விட்டுத் தனியாக மலைக்குப் போனார். புயலடித்த படகில் தலையணை வைத்துத் தூங்கினார். ஐயோ என்னைத் தேடுவார்களே என்று பதறவில்லை. பிறனை நேசிக்கச் சொன்ன கட்டளைக்கு அளவுகோலே தன்னை நேசிப்பதுதான். அளவுகோலையே உடைத்துவிட்டு எதை அளப்பது? இன்று இரவு நீங்களும் சேர்ந்தே உட்காருங்கள். ரசம் வேண்டும் என்று யாராவது கேட்டால், கேட்டவரே எழுந்து போகட்டும். நாலு நாள் முணுமுணுப்பு இருக்கும். அசையாதீர்கள்.

கேள்வி: அண்ணன் வருஷாவருஷம் வரப்பைக் கொத்தி என் பக்கம் நகர்கிறார். பொறுத்துக்கொள்வதா? (வாசகர், ஒரத்தநாடு)

சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து கல் நடுங்கள். அதன்பிறகு அண்ணனுக்கு ஒரு முழம் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்றாவது இரண்டு பேருக்கும் தெரியும்.

கேள்வி: நீங்கள் கடைசியாகச் செய்த தன்னலமற்ற காரியம் எது? (வாசகி, மயிலாடுதுறை)

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பரங்கிக்காயை 1,400 ரூபாய்க்கு எடுத்தேன். கர்த்தருக்காக என்று ஆரம்பித்தது 200 வரைக்கும்தான். மீதி 1,200 எதிர்வரிசையில் இருந்த என் சகலைக்காக. வீட்டில் மனைவி அதை ஏழு கீற்றாக அரிந்து ஏழு வீட்டுக்கு அனுப்பினாள். இன்றுவரை தெருவில் அவளைத்தான் விசாரிக்கிறார்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டே, அவரைக் கேட்டிருக்கலாம். மாயூரம் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை 1879-ல் அச்சேற்றியவர். அதற்குச் சற்று முந்திய தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பணத்தைப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார். கிறிஸ்தவரான அவர்மீது நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை ஒன்று பாடினார். சிவனைப் பாடிய வாய், ஒரு வேதக்காரரின் கஞ்சித் தொட்டியைப் பாடியது. என் பரங்கிக்காயை யார் பாடுவார்?

கேள்வி: எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை. இங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். (வாசகர், வேதாரண்யம் பக்கம்)

இரண்டாவது கேள்வி கேட்டவரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. அனுப்பட்டுமா?