காணாமற்போன அறுபத்தொன்றாம் நாள்: பழவேற்காட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை, 2017இல் 61 நாளாக நீண்டது. பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டுக் கரையில் எந்தக் குப்பத்தில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கணினியைக் கேட்டால் அப்படிச் சொல்வதில்லை. பைத்தான் மொழியில் ஜூன் 14இலிருந்து ஏப்ரல் 15ஐக் கழித்தால் 60 என்கிறது. விரல் விட்டு எண்ணினால் ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14, ஆக 61. அந்த ஒரு நாள் எங்கே போயிற்று என்பதே இவ்வாய்வின் பொருள். இது அற்பமான வினா என்று கருதுவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கழிக்க வேண்டாம், இடையில் உள்ள தேதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடு என்று கேட்டுப் பார்க்கலாம். பைத்தானின் ‘ரேஞ்ச்’ தொடக்கத்தை எடுத்துக்கொள்ளும், முடிவைத் தொடாது. பட்டியல் ஜூன் 13 அன்று நின்றுவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் ‘ஜெனரேட்_சீரீஸ்’ இரு முனைகளையும் சேர்த்து 61 வரிகளைக் கொடுக்கும். ஒரே அலுவலகத்தில் இரண்டும் இருந்தால், ஒன்றின்படி ஜூன் 14 அன்று படகு கடலில் இருக்கும், மற்றொன்றின்படி கரையில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் நிரலர் ‘கூட்டல் ஒன்று’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போவார். அடுத்த இருக்கைக்காரரும் அதே பிழையைக் கண்டு, வேறோர் இடத்தில் தாமும் ஒன்றைக் கூட்டுவார். நாள் 62 ஆகும்.

முடிவு நாளைத் தள்ளிவைக்கும் இந்த வழக்கம் யாருடையது? இங்கேதான் ஆய்வாளருக்குப் புல்லரிக்கிறது. முதல் எண்ணைச் சேர், கடைசி எண்ணை விடு, அப்போதுதான் கழித்து வரும் எண்ணும் பட்டியலின் நீளமும் ஒன்றாக இருக்கும் என்று 1982இல் கைப்பட எழுதி வாதாடியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ராட்டர்டாமில் பிறந்த டச்சுக்காரர். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமும் டச்சுக்காரர். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியவர்கள் யார்? டச்சுக்காரர்கள்! இதற்கு மேலும் சான்று கேட்பவர்கள் சந்தேகப் பிராணிகள்.

கேட்டால் தரவும் சான்று உண்டு. அந்தக் கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். அங்கே அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயர் அது. ஹாலந்து மாகாணம் 1583லேயே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. கெல்டர்லாந்து 1700 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே கட்டிக்கொண்டு அழுதது. அங்கே 1700 ஜூன் 30க்கு மறுநாள் ஜூலை 12. அவ்விரு தேதிகளையும் சேர்த்து ஒரு பட்டியலை இன்றைய கணினி போட்டால் 13 வரி வரும். கெல்டர்லாந்துக்காரர் போட்டால் இரண்டே வரி.

நம் கரையிலும் இதே கூத்துதான். டச்சுக் கம்பெனி புதிய கணக்கில் தேதி போட்டது. சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே, சென்னை ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் 1752 வரை பழைய கணக்கை விடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். பழவேற்காட்டில் மார்ச் 12 அன்று எழுதிய கடிதத்தை ஓர் ஆள் இரண்டு நாளில் கொண்டு சேர்த்தால், சென்னையில் அது மார்ச் 4 அன்று கிடைக்கும். இன்றைய கூரியர் நிறுவனம் எதற்கும் இந்த வேகம் கிடையாது.

டச்சுக்காரர் 1825இல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தொல்லை வேறு வகை. 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ‘முதல்’ என்று எழுதினால் அந்த முதல் நாள் கணக்கில் வராது. ‘வரை’ என்றால் கடைசி நாள் வரும். டச்சு முறைக்கு நேர் தலைகீழ். இப்பிரிவை அப்படியே பிடித்துக்கொண்டு ஒருவர் ஏப்ரல் 15 அன்று விசைப்படகை எடுத்துவிடுவாரே என்றுதான் ‘இரு நாட்களும் உட்பட’ என்று அரசு ஆணையில் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார்கள். ஆணைகளில் மொத்தத்தில் நான் மதிக்கும் சொற்கள் இந்த மூன்றுதான்.

சட்டப் புத்தகத்தைக் கண்ணால் காணாமலே 9ஆம் பிரிவைக் கடைப்பிடிப்பவர் தண்டல்காரர். அவரிடம் கடன் வாங்கி மீன் விற்கும் பெண்களிடம், நாளுக்கொரு தவணையாக நூறு கட்டம் போட்ட அட்டை ஒன்று இருக்கும். மஞ்சள் அட்டை, மடித்து மடித்து நடுவில் கிழிந்து, செதில் ஒட்டியிருக்கும்.

“இன்னா அண்ணே, நேத்து சாயந்தரம் குடுத்த துட்டு, இன்னிக்குக் காலைலயே கட்டணுமா?”

“குடுத்த நாள நான் கணக்குல சேக்கலியேம்மா, பாரு. ஒண்ணாம் கட்டம் இன்னிக்குத்தான்.”

முதல் நாளைத் தள்ளுபடி செய்த பெருந்தன்மை அவர் குரலில் தெரியும். சாவு வீட்டில் அந்தத் தள்ளுபடி கிடையாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த அன்றைக்கே ஒன்று என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இவ்வாய்வு முழுமை பெறாது. நம் நள்ளிரவில் பிறந்த ஏப்ரல் 15ஐ அதனிடம் கொடுத்து உலகப் பொது நேரத்தில் எழுதச் சொன்னால், ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து ஏப்ரல் 14, மாலை 6:30 என்று எழுதும். நிரலர் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்வார். பட்டியல் முழுவதும் ஒரு நாள் முன்னே நகர்ந்துவிடும், எண்ணிக்கை மட்டும் 61ஆகவே இருப்பதால் யாருக்கும் உறைக்காது. தடை பெரும்பாலும் சித்திரை முதல் நாளன்றே தொடங்கிவிடும். புத்தாண்டும் அதுவுமாகப் படகைக் கட்டச் சொன்னால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் என்ன நடக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விடுகிறேன்.

பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையையும் இவ்வாய்வில் சேர்க்க விரும்பினேன். ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துச் சுற்றிவிடும் பழைய ஏற்பாடு அது. இன்று உனக்கு, நாளை எனக்கு. கடைசி ஆளுக்கு அடுத்து மறுபடியும் முதல் ஆள். சண்டை வந்தால் முறை யாருடையது என்றுதான் வரும். ‘வரை’ என்ற ஒன்றே அதில் இல்லாததால், கடைசி நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. எனவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை. எல்லையை வகுத்தது நானே என்பதால் இதில் மேல்முறையீடும் இல்லை.