ஹாம்பர்க் திரையில் ஒரு திருப்பூர் பனியன்

மாமாவுக்கு,

திருப்பூரில் சாயங்காலம் 7 மணிக்கு, பேக்கிங் செக்‌ஷனில் டீ வருகிற நேரத்தில், மர்ச்சன்டைசர் தம்பி தட்டிவிடும் போட்டோ குளிர்காலக் கணக்கில் ஹாம்பர்க்கில் மத்தியானம் 2.30-க்குத் திறக்கிறது. பையர் ஆபீசில் அதற்கென்றே சுவரளவு திரை. முன்னால் டிசைனர் அம்மா ஒருவர், குவாலிட்டி அம்மா ஒருவர். இருவருக்கும் நடுவே ஊத்துக்குளி ரோட்டில் வளர்ந்த உங்கள் மருமகன். படம் விரிகிறது. மேலே ஃபேன், ஓரத்தில் டீ கிளாஸ், கீழே யாருடைய கால் என்று தெரியாத ஒரு ரப்பர் செருப்பு, நடுவில் எங்கேயோ ஒரு டி-ஷர்ட். “குறை எங்கே?” என்கிறார் குவாலிட்டி அம்மா. மருமகன் எழுந்து போய் ட்ராப் ஸ்டிச்சை விரல் வைத்துக் காட்டுகிறான். அந்த அம்மா கண்ணாடித் துணியால் துடைக்கிறார். ட்ராப் ஸ்டிச் போய்விட்டது. திரையில் இருந்த தூசி அது.

ஓட்டையின் அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு வைக்கிற பழக்கம் நம் செக்கிங் டேபிளில் உண்டு. காசு 27 மில்லிமீட்டர் என்பது இந்தியாவில் இருப்பவருக்குக் கண் அளவிலேயே தெரியும். ஹாம்பர்க்கில் அந்தக் காசை யார் கண்டார்கள்? “இந்த இரட்டை நிற மெட்டல் பட்டன் டெக்பேக்கில் இல்லையே, யார் அப்ரூவ் செய்தது?” என்று பதில் போயிற்று. இன்ச் டேப்பைத் திருப்பி, சென்டிமீட்டர் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தால் போதும். கேமராவில் பூப் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும், கிட்டத்தில் எடுப்பதற்கானது. அதை அமுக்கி, ஷட்டரைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்த பிறகு முழுதும் அழுத்தச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு சாண் தூரத்தில் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளை பனியன் வெறும் வெளிச்சமாகிவிடுகிறது, தையலே தெரிவதில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. சென்ற மாதம் வந்த ஒரு படம்தான் ஆபீசையே கூட்டிவிட்டது. படத்துக்குள் ஒரு கேமரா. கேமராவின் முதுகில் சின்னத் திரை. அந்தத் திரைக்குள் ஒரு பனியன். திரைக் கண்ணாடியில் சூப்பர்வைசர் அண்ணனின் மீசை. விசாரித்ததில் விஷயம் இதுதான்: செக்கிங் ஆட்களின் போன் கேட்டிலேயே வாங்கி வைக்கப்படுகிறது, உள்ளே இருப்பது பழைய வெள்ளி நிறக் கேமரா ஒன்று. அதன் கேபிள் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. ஆகவே கேமராவில் எடுத்து, அந்தக் கேமராவை மேனேஜர் போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

அந்த வகைக் கேமரா 70 லட்சம் புள்ளிகளில் படம் எடுக்கும். முதுகில் உள்ள இரண்டரை அங்குலத் திரையோ பெரும்பாலும் 320-க்கு 240, அதாவது 77 ஆயிரம் புள்ளிகூட இல்லை. அதையும் வாட்ஸ்அப் இன்னொரு தடவை சுருக்குகிறது. நூறு கிலோ துணியில் ஒரு கிலோ பீஸ் மட்டும் கொண்டு வந்து நிறுத்தினால் கட்டிங் மாஸ்டரை விட்டு வைப்பீர்களா மாமா?

கேபிள் போனால் போகட்டும். அந்தக் காலத்து மினி யுஎஸ்பி வாயில் இப்போதைய போன் ஒயர் எதுவும் நுழையாது. பேட்டரி மூடியைத் திறந்தால் பக்கத்திலேயே எஸ்டி கார்டு இருக்கும். ஒரு அமுக்கு அமுக்கினால் துள்ளி வெளியே வரும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த செல் கடையிலும் கார்டு ரீடர் கிடைக்கும். செருகியதும் கம்ப்யூட்டரில் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர் வரும். எந்தக் கம்பெனிக் கேமராவானாலும் அதே பெயர்தான். ஜப்பான் மின்னணுத் தொழில் சங்கம் 1998-இல் வகுத்த விதி. படத்தின் பெயருக்கும் அதிலேயே கணக்கு இருக்கிறது: நாலு எழுத்து, நாலு எண், 9999 வரை.

அங்கேதான் அடுத்த கூத்து. எல்லா பேக்டரியின் முதல் படமும் 0001. கார்டை மாற்றினால் பல கேமராக்களில் மறுபடியும் 0001. மூன்று பேக்டரியின் 0001-களும் ஒரே நாளில் ஒரே ஃபோல்டரில் வந்து விழ, ஆண்கள் போலோவின் காலர் குறைக்குப் பாப்பா ரோம்பரின் படத்தை வைத்து அரை மணி நேரம் கூட்டம் நடந்தது. “இந்தக் காலர் ஏன் இவ்வளவு சின்னது?” என்பதுதான் விவாதம். காப்பி செய்த கையோடு ஸ்டைல் நம்பர், கலர், குறை என்று பெயர் மாற்றிவிட்டால் கூட்டம் மிச்சம்.

கார்டு வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதென்று 64 ஜிபி கார்டை 2007 மாடல் கேமராவில் போட்டால் அது முழிக்கும். அந்த வயதுக் கேமராவுக்கு 32 ஜிபிதான் எல்லை. அதற்கும் மூத்ததென்றால் 2 ஜிபி. முழிக்கிற கேமரா, “ஃபார்மட் செய்யவா?” என்று மரியாதையாகக் கேட்கும். படம் இருக்கிற கார்டென்றால் ஓகே அமுக்க வேண்டாம், காப்பி எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கார்டின் இடது ஓரத்துச் சின்னத் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருந்தால் புதுப் படம் ஏறாது. அதை மேலே தள்ளினால் சரி. கேமரா பழுதென்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

தேதி விஷயம் இன்னும் சுவாரசியம். பேட்டரியைக் கழற்றிப் பல நாள் வைத்திருந்தால் கேமராவின் கடிகாரம் முதல் நாளுக்கே திரும்பிவிடும். வருகிற கோடைக்கான, தயாரிப்புக்கு முந்தைய பிபி சேம்பிள் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 01.01.2005 என்று இருந்தது. குவாலிட்டி அம்மா சிரிக்காமல் கேட்டார்: “இருபது வருடம் முன்பே தைத்து முடித்துவிட்டார்கள். பிறகு எதற்கு ஷிப்மென்ட்டுக்குப் பத்து நாள் கூடுதல் அவகாசம் கேட்கிறார்கள்?”

இனி, சண்டையில் முடிகிற விஷயம்: ஷேட். சாயப்பட்டறையிலிருந்து நேவி புளூ என்று வந்த படம் இங்கே ஒரு திரையில் கறுப்பு, பக்கத்துத் திரையில் மயில் கழுத்து. இதில் யார் மேலும் குற்றமில்லை. கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டுமே தெரியும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் பொடி வடிகட்டிகள். நாலு கட்டத்தில் இரண்டு பச்சை. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறம்தான் அளக்கப்படுகிறது, மற்ற இரண்டையும் அக்கம்பக்கம் பார்த்துக் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. செக்கிங் டேபிள் ட்யூப் லைட்டின் பச்சை சாயலைச் சரிக்கட்டுவதும் அதன் ஊகம்தான்.

ரிப் துணியும் மெல்லிய ஸ்டிரைப்பும் இன்னொரு மாயம் காட்டும். துணியின் வரிசையும் சென்சாரின் வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போனால், துணியில் இல்லாத வானவில் அலை படத்தில் ஓடும். அதைப் பார்த்து டையிங் குறை என்று இங்கிருந்து ஒரு மெயில் போயிற்று. அந்த லாட்டில் துணி டையிங்கே கிடையாது, சாயம் நூலிலேயே ஏற்றியது. கேமராவைக் கொஞ்சம் தள்ளியோ சாய்த்தோ எடுத்தால் அலை போய்விடும்.

ஆகவே படம் என்பது குறை எங்கே, எவ்வளவு என்பதோடு நிற்கட்டும். ஷேட்டுக்குப் பழையபடி ஸ்வாட்ச் வெட்டி கூரியரில் அனுப்புவதுதான் வழி. அங்கே லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 இரண்டையும் போட்டுப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னது 6500 கெல்வின் பகல் வெளிச்சம்; பின்னது ஐரோப்பியக் கடைகளின் ட்யூப் லைட். பகலில் ஒட்டிப்போகிற பாடியும் ரிப்பும் கடை விளக்கில் சண்டை போட்டால் ஆர்டர் ரிஜெக்ட். ஜன்னலோரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் ஹாம்பர்க்காரர்களிடம் கேட்டுவிட வேண்டாம். டிசம்பரில் இங்கே 4 மணிக்கே சூரியன் ஷிப்ட் முடித்துக் கிளம்பிவிடுகிறது.

கார்டு ரீடர் தேடி அலுத்துப்போன தம்பிக்கு ஒரு ஆறுதல் சொல்லலாம். கோடாக்கின் ஸ்டீவன் சாசன் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா மூன்றரைக் கிலோவுக்கு மேல். பத்தாயிரம் புள்ளியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அது கேசட்டில் ஏற 23 நொடி. மூன்று வருடம் கழித்து, இத்தாலி இறக்குமதிக்காரர் வெரோனா மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாகத் திருப்பூர் வந்தபோது, சரக்கைப் பார்க்க ஆளே நேரில் வர வேண்டியிருந்தது. செருப்புக் கால் உள்பட எல்லாவற்றையும் அவர் நேரிலேயே பார்த்திருப்பார்.

ஒரு வியாபாரச் செய்தியும் உண்டு. 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. ஆனால் இந்த ஊர் இளசுகளுக்கு இப்போது அந்தப் பழைய வெள்ளி நிறக் கேமராதான் மோகம். ஃபிளாஷில் வெளுத்த முகம், ஓரத்தில் ஆரஞ்சுத் தேதி, அதுதான் ஸ்டைலாம். டிசைன் செக்‌ஷனில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் சந்தையில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். திருப்பூர் செக்கிங் டேபிள்களில் இவை இன்னும் வேலை செய்கின்றன என்று கேள்விப்பட்டதும் அவள் கேட்ட கேள்வி: “மினிமம் ஆர்டர் எத்தனை பீஸ்?”

பீரோவில் இன்னும் இரண்டு மூன்று கிடக்கும் என்று அத்தை சொன்னார்கள். எஃப்ஓபி தூத்துக்குடி விலையைப் போட்டு அனுப்புங்கள் மாமா. கேபிள் இருக்கிற பீஸுக்கு விலையைக் கொஞ்சம் ஏற்றியே போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்