உருவம் பெரிசு, காரணி சிறிசு

எண் பெரிதாக இருந்தால் அதற்கொரு மரியாதை தானாக வந்துவிடுகிறது. யாரும் கிட்டப் போய் வகுத்துப் பார்ப்பதில்லை. அந்த மரியாதையிலேயே 92 ஆண்டுகள் சொகுசாகக் காலம் தள்ளிய எண் 4294967297. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண் என்று 1640-ல் நற்சான்று கொடுத்தவர் ஃபெர்மா. பிழைப்புக்குத் துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம், ஓய்வுக்குக் கணிதம். 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் சுத்தமான பகா எண்கள். அடுத்த 32ஆம் அடுக்கில் நிற்பவர்தான் நம்மவர். ஐந்து சாட்சிகள் ஒரே மாதிரி சொல்லிவிட்டதால், ஆறாமவரையும் அவருக்குப் பின்னால் வரும் முடிவில்லாத வரிசையையும் சேர்த்தே யோக்கியர்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். எண்கள் ஒரே பானையில் வெந்தவை என்று யார் சொன்னது?

1732-ல் கணித மேதை ஆய்லர் வந்து 641-ஆல் வகுத்தார். ஈவு 6700417, மீதி பூஜ்யம். அத்தனை பெரிய ஆளைக் கவிழ்த்தது ஒரு மூன்று இலக்கச் சுண்டைக்காய்! அந்தக் காலத்தில் கால்குலேட்டர் ஏது என்று ஃபெர்மாவுக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. ஆய்லரிடமும்தான் கிடையாது. சரி, எத்தனை எண்களால் வகுத்துப் பார்ப்பது என்று அடுத்து கேட்பார்கள். இங்கேதான் வேடிக்கை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். ஆகவே 65, 129, 193 என்று 64 64-ஆகத் தாண்டினால் போதும். அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் 641 வரை மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. மொத்தம் ஐந்தே வகுத்தல். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்த 64 கணக்குக்கு ஆதாரமான தேற்றத்தைச் சொன்னவர் யார்? அதே ஃபெர்மா, அதே 1640-ல். கத்தியைத் தீட்டி வைத்தவர் காயை நறுக்கவில்லை.

“நிரூபணம் கைவசம் இல்லை என்று அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டாரே!” என்பது வலுவான வாதம்தான். ஆனால் நிரூபணம் இல்லை என்று சொன்ன கையோடு சந்தேகமும் இல்லை என்றாரே, அதை என்ன செய்வது? பொதுவிதிக்கு நிரூபணம் வேண்டும். இந்த ஒற்றை எண்ணுக்கு வகுத்தலே போதும். பத்து இலக்கத்தைப் பார்த்துச் சோம்பல் வந்தது என்பதே என் கட்சி.

ஆறாமவர் விழுந்ததோடு வரிசையே சரிந்தது. அவரிலிருந்து தொடர்ந்து 28 பேர் பகு எண்கள் என்று இதுவரை அம்பலமாகியிருக்கிறது. அவர்களுக்கு அடுத்தவருக்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அவர் சங்கதி இன்னும் தெரியவில்லை. இந்த வரிசையில் இனி ஒரு பகா எண்கூடத் தேறாது என்பது இன்று கணிதக்காரர்கள் பலரின் அபிப்பிராயம். அதற்கும் நிரூபணம் கிடையாது.