யந்திர வைத்தியர்

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து கோட்டாற்றை நோக்கி நடந்தாலும் சரி, வடசேரியை நோக்கி நடந்தாலும் சரி, தெருவுக்கு ஒருவர் வீதம் தவறாமல் வசித்துவரும் ஒரு பிரகிருதியை நீங்கள் அவசியம் சந்திப்பீர்கள். அவர் ஓய்வுபெற்ற குமாஸ்தாவாக இருக்கலாம். சில மரக்கால் விதைப்பாடு வயலை மேற்பார்த்துக்கொண்டு காலம் கழிப்பவராகவும் இருக்கலாம். ஆனால் அயல் வீட்டில் ஏதோ ஒரு யந்திரம் நோய்ப்பட்டுவிட்டது என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், வேஷ்டியை மடித்துக் கட்டி, சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, யாரும் அழைக்காமலேயே வந்து திண்ணையோரம் செருப்பைக் கழற்றிவிடுகிறவர் எவரோ, அவரே நான் சொல்லும் யந்திர வைத்தியர். அழைத்து வருகிற மெக்கானிக்குக் கூலி கொடுக்க வேண்டும், இவருக்கோ ஒரு டம்ளர் காப்பியும் ஓர் ஏத்தன்பழமும் போதும் என்று கணக்குப் போடுகிற குடும்பஸ்தர்கள் அந்தக் கணக்கில்தான் மோசம் போகிறார்கள்.

அவருடைய வைத்திய ஜீவிதத்தின் சிகரம் பேஜர் காலம். 1995-ல் நம் நாட்டு நகரங்களில் பேஜர் அறிமுகமானபோது, செல்போனில் வருகிற அழைப்புக்கும் நிமிஷக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தபடியால், இடுப்புப் பட்டையில் பேஜர் செருகிய வியாபாரிக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது. மாதத்தில் பாதி நாள் சென்னையிலேயே தங்கிவிடும் கோட்டாற்று மொத்த வியாபாரி ஒருவருக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த மருமகப்பிள்ளை ஒரு சிறு பெட்டியைப் பரிசளித்தார். வீட்டு டெலிபோனுடன் இணைத்துவிட்டால், கூப்பிடுகிறவர் எண்ணைக் கிரகித்துக்கொண்டு, பிறகு தானே லைனை எடுத்து, பேஜர் நிலையத்துக்கு டயல் செய்து, அந்த எண்ணை அங்கே ஒப்புவித்துவிடும் என்பது அதன் மகிமை. மணி அடித்தது, பெட்டியின் கண்ணாடியில் ஓர் எண்ணும் தோன்றவில்லை. சென்னையில் பேஜரும் சிணுங்கவில்லை. வைத்தியர் வந்துவிட்டார்.

“ஆச்சி, பயப்படாண்டாம். லைன்ல ஜீவன் இருக்கு. பெட்டிக்குத்தான் ஈரம் பிடிச்சிருக்கு, பாத்துக்கிடுங்க” என்று வீட்டு ஆச்சியிடம் சொன்னார்.

ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரலும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் முறை வைத்து நனைக்கிற இந்தச் சீமையில், ஈரம் என்ற நோய்க்குறிப்பை மறுத்துப் பேச எவராலும் இயலாது. பெட்டி அரிசிப் பானைக்குள் போயிற்று. அரிசி வைத்தியம் பலிக்காமல் போகவே, எறும்பு புகுந்திருக்கிறது என்று திறக்கப்பட்டது; எறும்பு அகப்படவில்லை. லைன் கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன என்று மாற்றப்பட்டன. மறுநாள் திரும்பவும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் பெட்டியை மூடும்போது ஒரு திருகாணி மிஞ்சியது. “கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு கூடுதலாத்தான் போடுவான்” என்று அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார்.

பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை என்பதே உண்மை. அமெரிக்க டெலிபோன் முறையில் அழைப்பவர் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட மௌனத்தில், வினாடிக்கு 1200 பிட் வேகத்தில், மோடத்தின் ஒலிபோல வந்து சேரும். ஆகவே முதல் மணி கேட்ட பிறகுதான் அந்தப் பெட்டி செவிகொடுக்கவே ஆரம்பிக்கும். அந்நாளில் நம் எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றிலோ, முதல் மணிக்கு முன்னதாகவே, பொத்தான் டெலிபோனில் எண்ணை அழுத்தும்போது எழுகிற அதே தொனிகளில் அது வந்து போய்விடும். அதுவும் மாதக் கட்டணம் கட்டி அந்த வசதிக்கு விண்ணப்பித்தவருக்குத்தான்; வியாபாரி விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பம் எழுதுவது வைத்திய சாஸ்திரத்தில் அடங்காத விஷயமாகையால், நம்மவர் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

அவர் கண்டுபிடித்தது வேறு. வியாபாரி சென்னைக்குப் போகும்போதெல்லாம் வெளியூர் அழைப்புக்கான எஸ்டிடியை ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். பூட்டியிருக்கும்வரை பெட்டியால் சென்னைக்கு டயல் செய்ய முடியாது என்று வைத்தியர் நிதானித்தது அவருடைய ஆயுளில் சரியாக அமைந்த ஒரே அனுமானம். விபரீதமும் அதிலிருந்துதான் பிறந்தது. பூட்டு திறக்கப்பட்டது. அன்றுமுதல் மணி அடித்து ஓய்ந்த போதெல்லாம், பெட்டி கடமை தவறாமல் சென்னைக்கு எஸ்டிடி போட்டது. பேஜர் நிலையத்துப் பெண், எந்தப் பேஜருக்கு, என்ன செய்தி என்று வினயமாக விசாரித்தாள். சொல்வதற்கு எண் ஒன்றும் இல்லாத பெட்டி, ஒற்றைக் கீச்சொலி எழுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் வந்தது. வியாபாரி அதை மூக்குக்கண்ணாடி போட்டும் வாசித்தார்; கழற்றியும் வாசித்தார். கையில் பில்லுடன் அவர் நின்ற கோலத்தைக் கண்ட வைத்தியர் சிறிதும் கலங்கவில்லை. “அண்ணாச்சி, பெட்டி வேலை செய்யுதுங்கதுக்கு இதைவிட வேற அத்தாட்சி வேணுமா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு மறுமொழி அன்றும் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

முடிவில் வியாபாரி விண்ணப்பம் கொடுத்து, சென்னை பர்மா பஜாரில் எண்ணை மட்டும் காட்டுகிற எளிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மணி அடித்ததும் ஆச்சி எண்ணைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து, பேஜர் நிலையத்தைத் தாமே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். கூடவே, கருப்பட்டி தீர்ந்துபோன சமாசாரத்தையும் ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்வார். அமெரிக்கப் பெட்டிக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வியாதி தீர்ந்த பெருமையைத் தெரு முழுவதும் வைத்தியருக்கே கொடுத்தது. அவரும் அதைச் சங்கோஜமின்றி ஏற்றுக்கொண்டார்.

2003-ல் செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமான பிறகு பேஜரைத் தேடுவார் இல்லை. வைத்தியர் இருக்கிறார், இப்போது மோடம் பார்க்கிறார். ஆகவே உங்கள் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டால், தயவுசெய்து அதை வாசலில் நின்று உரக்கச் சொல்லாதீர்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களானால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் திருகாணிகளை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.