திருப்பி அடிக்காத சாம்பியன்கள்

என் வாழ்நாளில் யாரிடமும் ஒரு குத்துகூட வாங்கியதில்லை. ஆகவே பழைய ஹெவிவெயிட் சாம்பியன்களைத் தரவரிசைப்படுத்தும் முழுத் தகுதியும் எனக்கு உண்டு. அடி வாங்கியவர்களுக்கு நடுநிலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, 1915 வரையிலான பயில்வான்களை மேலே ஏற்றுவேன், கீழே இறக்குவேன். எதிர்க்கட்சி, என் மைத்துனன்.

முதலில் ஜான் எல். சலிவன். 1889 ஜூலையில், மிசிசிப்பி வெயிலில், கையுறை இல்லாமல் ஜேக் கில்ரெய்னோடு 75 ரவுண்டு மோதினார். மலைத்துப்போக வேண்டாம். அன்றைய விதிப்படி ஒருவர் கீழே விழுந்தாலே ரவுண்டு முடிந்தது. அரை நிமிடம் ஓய்வு. களைத்தவனுக்கு ஒரு தட்டு போதும், தரையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்வான். 44-ஆவது ரவுண்டில் சலிவன் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டுத் தொடர்ந்து அடித்து ஜெயித்தார். அதற்கு மதிப்பெண் உண்டு. கறுப்பரோடு மோதமாட்டேன் என்று பீட்டர் ஜாக்சனைத் தட்டிக்கழித்ததற்காக அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஜேம்ஸ் கார்பெட் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். 1891-இல் அதே ஜாக்சனோடு 61 ரவுண்டு ஆடி, முடிவில்லாமல் பிரிந்தார். மறுவருடம் சலிவனைச் சாய்த்துப் பட்டம் வாங்கினார். பட்டம் வந்ததும் ஜாக்சன் என்றொருவர் இருப்பதே மறந்துபோயிற்று.

கார்பெட்டை 1897-இல் கார்சன் சிட்டியில் வீழ்த்தியவர் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ். கொல்லர், எடை 76 கிலோதான். "வயிற்றிலே அடி!" என்று ரிங்கின் ஓரத்திலிருந்து மனைவி கத்தியதாகச் சொல்வார்கள். அவர் வயிற்றின் மேல்பகுதியில் குத்தினார்; கார்பெட் எழுந்திருக்கவில்லை. மனைவி சொல்லே மந்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டாமிடம் கொடுத்தேன்.

"அந்தக் கொல்லரையே ரெண்டு தடவை படுக்க வச்சவரு ஜெஃப்ரிஸ், மாமா. அவருக்குத்தான் முதலிடம்" என்பான் மைத்துனன்.

"ஜாக் ஜான்சன்கிட்ட 1910-ல ரீனோவுல என்ன ஆச்சு மாப்ளே?"

"அஞ்சு வருஷமாப் பண்ணையில இருந்தவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா?"

கூட்டி வந்தது உண்மைதான். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனானார் ஜான்சன். வெள்ளை அமெரிக்காவுக்கு அது பொறுக்கவில்லை. பட்டத்தை மீட்கச் சொல்லி ஜெஃப்ரிஸை நச்சரித்தது. அவரும் பெருத்த உடம்பை இளைக்கவைத்துக்கொண்டு வந்து, பதினைந்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். பட்டம் கையில் இருந்தபோது ஜான்சனோடு மோத மறுத்தவரும் இவரேதான்.

"சரி, உங்க ஆளு ஜான்சன் சாம்பியனானப்புறம் இன்னொரு கறுப்பு வீரரான சாம் லாங்ஃபோர்டோட ஏன் மோதல?"

நியாயமான கேள்வி. காப்பி ஆறுகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

இந்தத் தரவரிசைத் தொழிலில் ஒரு மூத்தவர் எனக்குத் துணை. 'தி ரிங்' பத்திரிகையை நிறுவிய நாட் ஃப்ளைஷர், 1958-இல் போட்ட பட்டியலில் ஜான்சனுக்கே முதலிடம் தந்தார். 49 சண்டைகளில் 49-ஐயும் வென்ற ராக்கி மார்சியானோவுக்குப் பத்தாமிடம்! கணக்கு எளிது: ஜான்சன் பட்டம் வென்றபோது ஃப்ளைஷருக்கு 21 வயது. அந்த வயதில் பார்த்த சாம்பியனை அதன்பிறகு எவனாலும் அடிக்க முடியாது.

மனிதன்தான் பாரபட்சம் பார்க்கிறான் என்று 1967-இல் ஓர் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் கம்ப்யூட்டரிடம் பொறுப்பைக் கொடுத்தார். எல்லாக் காலத்துச் சாம்பியன்களுக்கும் கற்பனைப் போட்டி. அதில் முகமது அலி ஜெஃப்ரிஸிடம் தோற்றார். ஜெஃப்ரிஸ் காலமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. உயிரோடிருந்த அலி சும்மா விடுவாரா? வழக்குப் போட்டார்.

அதனால்தான் நான் 1915-ஐத் தாண்டுவதில்லை. என் பட்டியலில் இருப்பவர்கள் யாரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை. மைத்துனன் மட்டும் மேல்முறையீடு செய்வான். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படும்.