இருவாச்சிப் புருசன்

என்ன பேராண்டி, நிச்சயம் முடிஞ்ச நாள்லருந்து செல்போன்ல இருவாச்சிப் பறவை படத்தை வச்சுக்கிட்டு, ‘புருசன்னா இதாட்டம் இருக்கணும் தாத்தா’ங்கிறியாமே? மலையில வாச்சரா கெடந்தவன் சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு அப்புறம் மாதிரி எடு.

பொட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போயி, எச்சத்தைக் குழைச்சு வாசலைத் தானே பூசிக்கும். மிச்சம் ஒரு கீத்து. வெளிய நிக்கிற ஆம்பளை, முழுங்கி வந்த அத்திப்பழத்தை ஒண்ணொண்ணா மேல கொண்டாந்து, அலகு நுனியில பிடிச்சு அந்தக் கீத்து வழியா ஊட்டும். மாசக்கணக்கா! உள்ள இருக்கிறவ றெக்கை உதிர்ந்து, இவனை நம்பித்தான் கெடப்பா. நீ நேத்து பரோட்டா வாங்கப் போயி, வழியிலேயே சால்னாவைக் காலி பண்ணிட்டு வந்தவன். உன்னை நம்பி எவ கதவைப் பூசுவா?

ஒண்ணு மட்டும் ஒத்துப்போகுது. ஆம்பளை இருவாச்சிக்குக் கண்ணு செவப்பு, பொட்டைக்கு வெள்ளை. விடிய விடியப் போன் பாக்கிறதுல உனக்கும் செவந்துதான் கெடக்கு.

உன் சாதி வேறப்பா. நம்ம மேகமலையில ஒரு பழந்தின்னி வௌவா இருக்கு. வாலே கெடையாது. பகல் பூரா குகைக்குள்ள தலைகீழாத் தூக்கம், பொழுதடைஞ்சா ஊர்சுத்தல். 1948ல ஹட்டன்னு ஒரு தோட்டத்துத் துரை அதைப் பிடிச்சுக் குடுத்தாரு. வேற வௌவான்னு சீட்டு எழுதி பம்பாய் மியூசியத்துல போட்டுட்டாக. 1972ல தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லொங்யா பாத்துட்டு, இது தனி இனம்னு சொல்லி சாலிம் அலி பேரை வச்சாரு. ஆயுசு பூராப் பறவை பின்னால அலைஞ்ச மனுசன் பேரு வௌவாலுக்கு! இருவாச்சிக்கு வயிறு எரிஞ்சிருக்கும். கூத்தைக் கேளு, அதே வருசம் சர்க்கார் சட்டம் போட்டு, பழந்தின்னி வௌவாலை எலி, காக்காவோட சேத்து ஒழிக்கத்தக்க பட்டியல்ல எழுதிருச்சு. பின்னாடி சாலிம் அலி வௌவாலை மட்டும் பிரிச்சு, இருவாச்சி இருக்கிற, பாதுகாக்க வேண்டிய முதல் பட்டியலுக்கே ஏத்துனாக.

ஏத்தாம என்ன? அதுவும் பழந்தின்னு வெதை பரப்புறதுதான். இருவாச்சி பகல் ஷிப்டு, இது ராத்திரி ஷிப்டு. ஆனா மலைக்கு வந்தவுக பூரா இருவாச்சியோட பெரிய அலகைப் போட்டோ எடுத்துட்டுப் போயிருவாக.

அதுக்காக, ‘அப்ப வௌவாலாவே இருந்துக்கிறேன்’னு சிரிக்காத. வௌவாக் குடும்பத்துல குட்டியை நெஞ்சுல கட்டிக்கிட்டுப் பறக்கிறவ ஆத்தாகாரி. அப்பங்காரன் ஊட்டி நான் பாத்ததில்ல.

கல்யாணப் பத்திரிகையில இருவாச்சிப் படம் போடப் போறியாம். போடு ராசா. பொண்ணு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில படிச்ச புள்ளையாம்ல? அதுக்கு இந்தக் கதை பூராத் தெரிஞ்சிருக்கும். அத்திப்பழம் கிலோ என்ன வெலைன்னு இப்பவே விசாரிச்சு வை.