இருபது கிலோ சட்டம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் புளோக்குகளுக்குக் கீழே நிற்கும் மின்சைக்கிள்களின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள் அடங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் அது உதவியை நிறுத்திவிட வேண்டும். எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. ஓட்டுபவர் எத்தனை கிலோ, காலையில் எத்தனை புரோட்டா என்று ஆணையம் கேட்பதில்லை. பெருந்தன்மைதான்.

2022 ஜனவரி முதல் ஓட்டுபவருக்கு விதிமுறைத் தேர்வும் உண்டு. 'நடைபாதையில் ஓட்டலாமா?' என்றால் 'கூடாது' என்று நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மறுநாள் அதே நடைபாதையில் மணியடித்துக்கொண்டே வருவார். காய்கறிப் பையோடு போகும் பாட்டிக்குத்தான் ஒதுங்கத் தெரியவில்லையாம்.

பராமரிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆணையத்தின் ஆரஞ்சு ஒப்புதல் முத்திரை தினமும் துடைக்கப்பட்டுப் பளபளக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்து கீச்சிடுவதும், மழையில் நனைந்த சங்கிலி எண்ணெய்க்கு ஏங்குவதும் பக்கத்து வீட்டாருக்கு மட்டுமே கேட்கும்.

மின்கலத்தை இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள், வெளியேறும் வழியருகே வைக்காதீர்கள், அசல் சார்ஜரையே பயன்படுத்துங்கள் என்று குடிமைத் தற்காப்புப் படையும் சலிக்காமல் சொல்லிவருகிறது. நம்மவர் எங்கோ மலிவாக வாங்கிய சார்ஜரை மாட்டி, வண்டியை வாசற்கதவோடு ஒட்டி நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறார். ஏனென்று கேட்டால், தீப்பிடித்தால் வண்டியைச் சட்டென்று வெளியே தள்ள வசதியாம்.